குதிரையின் நடை எப்போது சிகிச்சையாகிறது?

கொடைக்கானல் ஏரிக்கரையில் சீசன் நாட்களில் இப்படி ஒரு பேச்சு காதில் விழுவதுண்டு. ஆறு வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்தபடி ஓர் அம்மா நிற்பார். பிள்ளையின் கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக் கிடக்கும். "தனியா உட்கார மாட்டான்ணா. நான் பிடிச்சுக்கிட்டே கூட நடந்து வர்றேன், மெதுவாப் போனாப் போதும்." குதிரைக்காரர் பிள்ளையை ஒரு பார்வை பார்ப்பார். "ஏத்திவிடுங்கம்மா, சாதுவான குதிரைதான்."

அந்த அம்மா பொழுதுபோக்குக்காகக் கேட்கவில்லை. குதிரைமேல் உட்கார வைத்தால் கால் இறுக்கம் தளரும், முதுகு நிற்கும், நடை வரும் என்று எங்கோ ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறார். இந்த வீடியோக்களில் பாதி உண்மை இருக்கிறது, சிக்கலே அதுதான். முழுப் பொய்யென்றால் ஒதுக்கிவிட்டுப் போய்விடலாம். எது அந்தப் பாதி, மீதி எங்கே கோணுகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

ஒரே குதிரை, நான்கு வேலை

குழப்பத்தில் பெரும்பகுதி சொற்களில் இருக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் குதிரைமேல் இருக்கும் எந்தப் படத்துக்கும் 'குதிரை தெரபி' என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் இவை வெவ்வேறு வேலைகள்.

1. ஹிப்போதெரபி. 'ஹிப்போஸ்' என்றால் கிரேக்கத்தில் குதிரை. பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர்), பேச்சு சிகிச்சையாளர் ஆகிய மூவரில் ஒருவர், தன் சிகிச்சைத் திட்டத்தின் ஒரு கருவியாகக் குதிரையின் நடையைப் பயன்படுத்துவது. பிள்ளை குதிரையை ஓட்டுவதில்லை. கடிவாளம் அதன் கையில் இல்லை. குதிரையின் அசைவை வாங்கிக்கொள்வது மட்டும்தான் பிள்ளையின் வேலை.

2. சிகிச்சை சார்ந்த சவாரிப் பயிற்சி. இங்கே சொல்லிக்கொடுப்பவர் சவாரி ஆசிரியர். குதிரையை நிறுத்த, திருப்ப, நடத்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. தன்னம்பிக்கை, கவனம், உடற்பயிற்சி எல்லாம் இதில் கிடைக்கும். ஆனால் இது வகுப்பு, மருத்துவம் அல்ல.

3. குதிரையின் துணையோடு மனநலப் பணி. பெரும்பாலும் யாரும் ஏறுவதே இல்லை. குதிரையைத் தேய்த்துவிடுவது, தீனி வைப்பது, கூட நடப்பது, இவற்றின் ஊடாக உளவியலாளர் வேலை செய்கிறார்.

4. விளையாட்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றம் 1996 அட்லாண்டா பாராலிம்பிக்கிலிருந்து போட்டியாக நடக்கிறது.

ஏரியைச் சுற்றும் ஒரு ரவுண்டு இந்த நான்கிலும் சேராது. அதனால் அது தப்பு என்று அர்த்தமில்லை, அது வேறு கணக்கு. அதைக் கடைசியில் பார்ப்போம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியது.

நான்கு குளம்பு, ஓர் இடுப்பு

எழுந்து நின்று, இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் வைத்துக்கொண்டு பத்து எட்டு நடந்து பாருங்கள். இடுப்பு ஒரே மட்டத்தில் போகாது. ஒரு காலைத் தூக்கும்போது அந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கும். கால் முன்னே போகும்போது இடுப்பின் அந்தப் பக்கமும் கூடவே முன்னே திரும்பும். கூடவே முன்னும் பின்னும் ஒரு சாய்வு. மேல்–கீழ், முன்–பின், திருகல் என மூன்று திசை அசைவும் ஒவ்வொரு எட்டிலும் நடக்கிறது. நாம் கவனிப்பதே இல்லை.

இப்போது குதிரையின் பக்கம் வருவோம். மெதுவாக நடக்கும்போது அதற்கு நான்கு தாளம்: இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால். இடது பின்கால் தரையை விட்டு எழுந்து முன்னே வரும் கணத்தில் முதுகின் இடப்பக்கம் சற்றே தாழ்கிறது, வயிறு வலப்பக்கம் ஒதுங்குகிறது. மேலே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் இடது இடுப்பும் கூடவே இறங்குகிறது. குளம்பு ஊன்றி உந்தியதும் அதே பக்கம் மேலே எழும்பி முன்னே தள்ளப்படுகிறது. அடுத்த நொடி வலப்பக்கம். நீங்கள் இடுப்பில் கைவைத்து நடந்து பார்த்த அதே அசைவு, ஏறக்குறைய அதே வேகத்தில்.

விஷயத்தின் உயிர்நாடி இதுதான். ஒருநாளும் நடந்தறியாத பிள்ளையின் இடுப்புக்கு, நடந்தால் எப்படி அசையுமோ அந்த அசைவு வந்து சேர்கிறது. காலில் பாரம் ஏற்றாமலே, கீழே விழும் பயமில்லாமலே.

குதிரை நிமிடத்துக்குச் சுமார் 100 எட்டு வைக்கும். 20 நிமிடத்தில் 2,000 தடவை பிள்ளையின் உடம்பு லேசாகச் சமநிலை குலைகிறது, 2,000 தடவை அதைத் திருத்திக்கொள்கிறது. வயிற்றுத் தசை, முதுகுத் தசை, கழுத்து என எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை இது. மேசைமேல் உட்காரவைத்து ஒரு தெரபிஸ்ட் கையால் இத்தனை தடவை, இத்தனை சீராக அசைத்துவிட முடியுமா? முடியாது.

இதோடு வெப்பமும் சேர்கிறது. குதிரையின் உடல் வெப்பம் சுமார் 38 டிகிரி செல்சியஸ், நம்மைவிட ஒரு டிகிரி கூடுதல். அதனால் சிகிச்சையில் தோல் சேணம் போடாமல் கனத்த கம்பளி விரித்து, கைப்பிடி வைத்த பட்டையை மட்டும் கட்டுவதே பெரும்பாலும் வழக்கம். கம்பளி வழியே சூடு தொடையின் உட்பக்கத்துக்கு ஏறும். குளிரில் தசை இறுக்கம் கூடுவது செரிப்ரல் பால்சி எனும் மூளை முடக்குவாதம் உள்ள பலருக்கும் தெரிந்த அவதி. உறைபனி விழும் ஊட்டி சனவரிக் காலையில் இந்தச் சூட்டின் மதிப்பு தெரியும்.

ஓட்டமும் பாய்ச்சலும் இங்கே வேண்டாதவை. ஓடும்போது நான்கு தாளம் இரண்டாகி, நடுவில் ஒரு கணம் குதிரை அந்தரத்தில் நிற்கும். மேலே இருப்பவர் தூக்கிப் போடப்படுவார். பழைய தமிழ் நூல்கள் குதிரைக்கு ஐந்து கதி, அதாவது நடை வகை, சொல்லும். சிகிச்சைக்கு வேண்டியது அதில் இருப்பதிலேயே மெதுவான ஒன்றுதான்.

தெரபிஸ்ட் அங்கே என்ன செய்கிறார்?

பார்ப்பவருக்கு அவர் சும்மா கூட நடப்பதுபோலத் தெரியும். கவனித்தால்தான் வேலை புலப்படும்.

குதிரைக்கு முன்னால் கயிற்றைப் பிடித்து ஒருவர். பிள்ளைக்கு இரு பக்கமும் இருவர், கையைப் பிள்ளையின் தொடைமேல் குறுக்கே வைத்தபடி. தெரபிஸ்ட் பக்கத்தில் வருகிறார், கண் பிள்ளையின் இடுப்பில். முதல் ஐந்து நிமிடம் பிள்ளை கூனிக்கொண்டு, கைப்பிடியை இறுகப் பற்றியிருக்கிறது. அவர் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார். எட்டு நீளமாகவும் சோம்பலாகவும் ஆகிறது. தொடை மெல்ல விரிகிறது. பிறகு "நில்லு" என்கிறார். குதிரை நிற்கிறது, பிள்ளையின் உடம்பு முன்னே போய்த் தானே பின்னுக்கு வருகிறது. "நட." மறுபடி "நில்லு." வண்டி பிரேக் போட்டதும் நிற்கும் பயணி தன்னை நிறுத்திக்கொள்வது போன்ற பயிற்சிதான், ஆனால் அளந்து கொடுப்பது. இடதுபக்கம் சரியும் பிள்ளையானால், குதிரையை எந்தப் பக்கம் வளைத்து நடத்துவது என்று கணக்குப் போடுகிறார். தலை நிற்காத பிள்ளையைச் சிலசமயம் குதிரையின் வாலைப் பார்க்கும்படி திருப்பி உட்காரவைத்து, அதன் பின்பக்கத்தின்மேல் முழங்கையை ஊன்றச் செய்வார்.

எட்டின் நீளம், வேகம், வளைவு, சரிவு, உட்காரும் திசை. மருந்துச் சீட்டில் இத்தனை மில்லிகிராம், இத்தனை வேளை என்று எழுதுவதுபோல இவைதான் இங்கே அளவு. இறுக்கம் மிகுந்த பிள்ளைக்கு நீண்ட, மந்தமான எட்டு. உடம்பு துவண்டு கிடக்கும் பிள்ளைக்குக் குறுகிய, சுறுசுறுப்பான எட்டு. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் பலனும் தலைகீழாகும். 'குதிரைமேல் ஏற்றினால் போதும்' என்பது 'மாத்திரை சாப்பிட்டால் போதும்' என்பதைப் போன்ற பேச்சு. எந்த மாத்திரை?

எங்கிருந்து வந்தது

டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் குதிரையேற்ற வீராங்கனை. 1944ல், கருவுற்றிருந்தபோது, போலியோ தாக்கி முழங்காலுக்குக் கீழே இயக்கம் போயிற்று. ஏறவும் இறங்கவும் ஆள் துணை வேண்டியிருந்த நிலையிலேயே 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில், ஜூபிலி என்ற குதிரையில், டிரெஸ்ஸாஜ் எனும் குதிரை நடைப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். அந்தப் பிரிவில் பெண்கள் ஆண்களோடு போட்டியிட அனுமதிக்கப்பட்ட முதல் ஒலிம்பிக் அது. ஐரோப்பிய மருத்துவமனைகள் குதிரையைத் திரும்பிப் பார்த்தன. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா நாடுகளில் 1960களில் இது பிசியோதெரபியின் பகுதியாக வளர்ந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 1969ல் மாற்றுத்திறனாளி சவாரிக்கான சங்கங்கள் தோன்றின.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹார்டெலின் கதையை 'குதிரை போலியோவைக் குணப்படுத்தியது' என்று சொல்பவர்கள் உண்டு. அவருக்குக் குணமாகவில்லை. குணமாகாத காலோடு ஜெயித்தார். அது வேறு சாதனை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

கூர்ந்து பார்த்தால் ஆய்வுகள் ஒன்றோடொன்று மோதுவதுபோலத் தோன்றும். மோதலில்தான் பாடம் இருக்கிறது.

2003ல் அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வு. மூளை முடக்குவாதம் உள்ள 15 குழந்தைகள். ஒரு பாதிப் பேர் நடக்கும் குதிரைமேல் 8 நிமிடம்; மறுபாதி அசையாத பீப்பாய்மேல் இரு பக்கமும் கால் போட்டு அதே 8 நிமிடம். உடம்பிலும் தொடையிலும் உள்ள தசைகள் இடம் வலம் எவ்வளவு சமமாக வேலை செய்கின்றன என்பதை மின்முனை ஒட்டி அளந்தார்கள். குதிரைமேல் இருந்தவர்களுக்குச் சமச்சீர் கூடியது, பீப்பாய்மேல் இருந்தவர்களுக்கு இல்லை. அதாவது, காலை அகட்டி உட்காருவதால் மட்டும் வந்த பலன் அல்ல, அசைவினால் வந்தது. ஆனால் இது 8 நிமிடம் முடிந்த கையோடு எடுத்த அளவு. மறுநாள் காலையில் என்ன மிஞ்சியது என்பதற்கு இதில் பதில் கிடையாது.

2009ல் ஆஸ்திரேலியாவில் 4 முதல் 12 வயது வரையிலான 99 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்கு 10 வாரம் சவாரிப் பயிற்சி கொடுத்தார்கள். உடல் இயக்கத்திலோ வாழ்க்கைத் தரத்திலோ சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை.

2015ல் தென்கொரியாவில் 92 குழந்தைகள். வாரம் இரண்டு முறை, 30 நிமிடம், 8 வாரம் ஹிப்போதெரபி. எதிர்க்குழுவுக்கு வீட்டிலேயே நடை அல்லது சைக்கிள் பயிற்சி. உட்காருதல், நிற்றல், நடத்தல் ஆகியவற்றை அளக்கும் மதிப்பெண்ணிலும் சமநிலையிலும் குதிரைக் குழு முன்னேறியது.

ஒன்று பலனில்லை என்கிறது, மற்றது உண்டு என்கிறது. இரண்டும் ஒரே காரியத்தைச் சோதிக்கவில்லை என்பதே என் வாசிப்பு. ஆஸ்திரேலியாவில் நடந்தது மேலே சொன்ன இரண்டாம் வகை, சவாரி வகுப்பு. கொரியாவில் நடந்தது முதல் வகை, அதுவும் வாரத்துக்கு இரண்டு வேளை. குதிரை இரண்டிலும் உண்டு. அளந்து கொடுக்கும் கை ஒன்றில்தான் உண்டு. இதையும் அடித்துச் சொல்லிவிட முடியாது: தான் குதிரை ஏறினேனா இல்லையா என்பது குழந்தைக்குத் தெரியும், பெற்றோருக்கும் தெரியும், மாத்திரை ஆய்வுபோல வெறும் மாத்திரை கொடுத்து மறைக்க வழியில்லை.

பக்கவாதத்துக்கு 2017ல் வந்த ஸ்வீடன் ஆய்வு இன்னொரு கதவைத் திறக்கிறது. 123 பேர், 12 வாரம். தேறியிருக்கிறோம் என்று உணர்ந்தவர்கள் குதிரைக் குழுவில் 56 சதவீதம், தாளமும் இசையும் சேர்ந்த பயிற்சியில் 38 சதவீதம், எதுவும் கூடுதலாகச் செய்யாதவர்களில் 17 சதவீதம். குதிரை முந்தியது உண்மை. ஆனால் பறை அடித்துக்கூட ஒரு பகுதி தூரம் போகலாம் என்பதும் உண்மை. மலைக்கு வர வசதியில்லாதவர் இந்த இரண்டாவது எண்ணைத்தான் அழுத்திப் படிக்க வேண்டும்.

ஆட்டிசத்தில் 2015ல் அமெரிக்காவில் 127 பிள்ளைகளிடம் 10 வாரம் நடந்த சவாரிப் பயிற்சி ஆய்வில் எரிச்சலும் அமைதியின்மையும் குறைந்தன, பேசும் சொற்கள் கூடின. அங்கே வேலை செய்தது இடுப்பின் அசைவு மட்டும்தானா, பெரிய விலங்கோடு உண்டான உறவா என்பதைப் பிரிப்பது கடினம்.

மூளையில் ஏற்பட்ட பாதிப்பைக் குதிரை சரிசெய்தது என்று இவற்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. மூளை முடக்குவாதத்தில் காயம் மூளையில்; குதிரை தொடுவது இடுப்பை. நன்றாக உட்காருவது, உட்கார்ந்தபடி இரு கையையும் விட்டு ஒரு டம்ளரைப் பிடிப்பது, நடக்கும் பிள்ளை இன்னும் குறைவாகத் தடுமாறுவது: எதிர்பார்ப்பு இந்த அளவில் இருந்தால் ஏமாற்றம் இல்லை. 'மூன்று மாதத்தில் நடக்க வைக்கிறோம்' என்று யாராவது விளம்பரம் செய்தால், அது மண்குதிரை. ஆற்றில் இறங்க வேண்டாம்.

ஏற்றக் கூடாதவர்கள்

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்க வேண்டாம். ஏரிக்கரையில் 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்பவருக்கு இவற்றில் எதையும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

1. இடுப்பு மூட்டு நழுவியிருப்பவர். இறுக்கம் மிகுந்த மூளை முடக்குவாதத்தில் தொடையெலும்பின் பந்து கிண்ணத்தை விட்டு மெல்ல வெளியேறுவது சாதாரணமாக நடப்பது. ஆரம்பத்தில் வலிகூட இருக்காது. அகன்ற முதுகில் காலை அகட்டினால் நிலைமை மோசமாகலாம். ஏற்றும்முன் இடுப்பு எக்ஸ்ரே அவசியம்.

2. டவுன் சிண்ட்ரோம் உள்ளவரில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிடிமானம் தளர்ந்திருக்கும். ஒரு குலுக்கல் தண்டுவடத்தை நசுக்கிவிடக்கூடும். கழுத்து எக்ஸ்ரேயும் நரம்பியல் பரிசோதனையும் முடியும்வரை குதிரைப் பக்கமே போக வேண்டாம்.

3. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு.

4. எளிதில் முறியும் எலும்பு, முதுகெலும்பின் அதிக வளைவு, அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை, உட்காரும் இடத்தில் ஆறாத புண், ரத்தம் உறையாத நோய்.

5. நீலகிரிக்கென்று ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: சிக்கிள் செல் ரத்தசோகை, அதாவது ரத்தச் சிவப்பணு அரிவாள்போல வளைந்துவிடும் பரம்பரை நோய். இந்தியாவில் இந்நோய்க்கான மரபணுக் கூறு முதன்முதலாக 1952ல் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். பணியர், இருளர், குறும்பர் சமூகங்களில் இன்றும் பரவலாக உண்டு. இது குழந்தைப் பருவத்திலேயே பக்கவாதத்தைக் கொண்டுவரக்கூடியது. ஆகவே அந்தக் குழந்தைக்குத்தான் குதிரை உதவும் என்று தோன்றும். ஆனால் இதே நோய் தொடையெலும்பின் பந்துக்கு ரத்தம் போகாமல் செய்து அதை நொறுங்கவும் வைக்கும். குளிரும் நீர்ச்சத்துக் குறைவும் கடும் வலியைத் தூண்டும். வெளிநாட்டில் எழுதிய கையேட்டை அப்படியே எடுத்து வந்து கூடலூரில் நடத்தினால் இந்தப் பிள்ளைகள் சல்லடையில் தப்பிவிடுவார்கள்.

6. மேட்டுப் பகுதி என்பதால் இன்னொன்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பிறவி இதயக் கோளாறு உண்டு. சமவெளியிலிருந்து வருபவர்கள் இதய மருத்துவரிடம் 'மலை ஏறலாமா' என்று முதலில் கேட்க வேண்டும். 'குதிரை ஏறலாமா' என்பது அடுத்த கேள்வி.

மலையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

குதிரை இருக்கிறது. ஊட்டி படகு இல்லத்திலும் கொடைக்கானல் ஏரியிலும் சவாரிக் குதிரைகள். பழனி மலையில் வெள்ளகவி போன்ற ஊர்களுக்குப் பொதி சுமக்கும் மட்டக்குதிரைகள். அதைவிட முக்கியம், குதிரையோடு பிறந்து வளர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். சிகிச்சைக் குழுவில் கயிறு பிடிப்பவர் கூலியாள் இல்லை, பாதி வேலை அவருடையது. காது பின்னுக்குப் படிவதைப் பார்த்தே குதிரை எரிச்சலாவதைச் சொல்லிவிடும் கண், பத்து நாள் வகுப்பில் வருவதில்லை. வெளியூரிலிருந்து ஆள் இறக்குவதைவிட, சீசன் முடிந்தால் வருமானம் படுத்துவிடும் இந்தக் குடும்பங்களிலிருந்து நாலு பேரை எடுத்து, பிள்ளைகளைக் கையாளப் பழக்குவது புத்திசாலித்தனம்.

ஆனால் குதிரையும் அப்படியே ஆகுமா? நாளெல்லாம் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து களைத்த குதிரை ஒரு காலைத் தாங்கி நடக்கும். லேசாக நொண்டும் குதிரை, கோணலான தாளத்தைத்தான் மேலே இருப்பவருக்குக் கொடுக்கும். சமச்சீர் வேண்டி வந்த பிள்ளைக்குக் கோணலைப் பழக்கியதாகிவிடும். லாடம் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்கப்பட வேண்டும். மட்டக்குதிரைக்கு எட்டு குட்டை, வேகம் அதிகம்: துவண்ட உடம்புக்கு ஏற்றது, இறுகிய உடம்புக்கு அல்ல. ஊட்டியில் நடந்துவந்த பந்தயத்தை வைத்து, ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளைப் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பாலித்தீன் பை பறந்தால் துள்ளும் இனம் அது. நூற்றில் ஒன்று சாந்தமாக அமையலாம்; அதை நம்பித் திட்டம் போட முடியாது.

பாரத்துக்கும் கணக்கு உண்டு. பொதி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு மத்திய விதிகள் மட்டக்குதிரைமேல் ஏற்றும் சுமைக்கு 70 கிலோ உச்சவரம்பு வைக்கின்றன. வளர்ந்த ஒருவர் பிள்ளையை மடியில் வைத்து ஏறினால் அந்த எண்ணைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்.

இல்லாதது சமதளம். 20க்கு 40 மீட்டர் மணல் களம் ஒன்று அமைக்க, அதிலிருந்து மழைநீர் வடிய வழி செய்ய, மேலே கூரை போட, மலையில் செலவு பிடிக்கும். தென்மேற்கும் வடகிழக்குமாக ஆண்டில் பாதி மழை. சரிவைப் பகையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை: ஏற்றத்தில் உடம்பு முன்சாய்ந்தும் இறக்கத்தில் பின்சாய்ந்தும் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருப்பதால், தேறிய பிள்ளைக்கு மென்சரிவு அடுத்த பாடமாகும். தலை நிற்காத பிள்ளைக்கு முதல் நாளே சரிவு வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை பயணம். கொரிய ஆய்வின் பலன் வாரம் இருமுறை, 8 வாரம் என்ற அளவில் வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 14 கொண்டை ஊசி வளைவு. பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்துச் சோர்ந்துதான் வந்து சேரும். போதாததற்கு 2024 மே முதல் மலைக்கு வண்டியில் வர இ-பாஸ். கோவையிலோ மதுரையிலோ இருப்பவர் கோடை விடுமுறையில் மூன்று நாள் தங்கி மூன்று தடவை ஏற்றிவிட்டுப் போவது படம் எடுக்க உதவும், இடுப்புக்கு உதவாது. இந்தச் சிகிச்சை மலையில் வந்தால், அது முதலில் பயன்படப்போவது மலையிலேயே இருக்கும் பிள்ளைகளுக்குத்தான். அப்படித்தான் திட்டமிடவும் வேண்டும்.

பணம் கட்டும்முன் கேட்க வேண்டியவை

1. யார் தெரபிஸ்ட்? இந்தியாவில் 'ஹிப்போதெரபிஸ்ட்' என்று தனியாக ஒரு பதிவு கிடையாது. பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி 2021ஆம் ஆண்டின் துணைநலத் தொழில் சட்டத்துக்குள் வருகின்றன. பேச்சு சிகிச்சையாளர்கள் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்பவர்கள். சுவரில் மாட்டிய வெளிநாட்டுச் சான்றிதழைவிட, அடிப்படைப் பட்டமும் பதிவும்தான் முதலில்.

2. ஏற்றும்முன் என்னென்ன பரிசோதனை கேட்கிறார்கள்? ஒன்றுமே கேட்காமல் தேதி கொடுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

3. முதல் நாளும் எட்டாம் வாரமும் எதை அளப்பார்கள்? 'நல்ல முன்னேற்றம்' என்பது அளவு அல்ல. கை ஊன்றாமல் எத்தனை நொடி உட்காருகிறான் என்பது அளவு.

4. குதிரைக்குக் கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனை எப்போது செய்தார்கள்? குதிரையிலிருந்து மனிதருக்குத் தொற்றி உயிரை எடுக்கக்கூடிய நோய் அது. பிள்ளையின் டெட்டனஸ் தடுப்பூசியும் முடிந்திருக்க வேண்டும்.

5. ஒரு குதிரை ஒரு நாளில் எத்தனை பேரைச் சுமக்கிறது?

6. வழக்கமான தெரபியை நிறுத்தச் சொல்கிறார்களா? சொன்னால் அதுவே பதில். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலோ, தமிழக அரசின் 'விழுதுகள்' மறுவாழ்வு மையத்திலோ நடக்கும் பயிற்சியோடு சேர்வதுதான் குதிரை. அதற்கு மாற்று அல்ல.

ஏரிக்கரைச் சவாரி மட்டும் போதும் என்றால்

சிகிச்சை என்ற பேச்சே இல்லாமல், மற்றப் பிள்ளைகள் போல என் பிள்ளையும் ஒரு ரவுண்டு போகட்டும் என்றால், அது நியாயமான ஆசை. மேலே உள்ள ஆறு விலக்குகளையும் மருத்துவர் பார்த்து, சரி என்று சொல்லியிருக்க வேண்டும். ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர். அத்தனையும் வேண்டாம், பத்து நிமிடம் போதும். காலை ஏழு மணிக்குப் போனால் ஹாரன் சத்தமும் கூட்டமும் இருக்காது. தலைக்கவசத்தை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். நீங்கள் பின்னால் ஏறி அணைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சரிந்தால் பிள்ளைமேல்தான் விழுவீர்கள். இரண்டு பக்கமும் ஆள் நடக்கட்டும். கால் வைக்கும் வளையமான அங்கவடியில் பிள்ளையின் கால் நுழைந்து சிக்கிக்கொள்ளாதபடி அதைச் சேணத்தின்மேல் தூக்கிப் போடச் சொல்லுங்கள். குதிரையை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் நெருங்காமல், அதன் கண்ணுக்குத் தெரியும்படி தோள் பக்கமாகப் போய் ஏற்றுங்கள். அறைக்கு வந்ததும் தொடையின் உட்பக்கத்தைப் பாருங்கள். பேச வராத பிள்ளை எரிகிறது என்று சொல்லாது. அரை மணி நேரம் கழித்தும் சிவப்பு போகாமலிருந்தால் அடுத்த நாள் ஏற்ற வேண்டாம்.